பூந்தியின் கடைவாய்ப் பல்

திம்மப்பனுக்கு வேலை ஓசூர் சிப்காட்டில், கிரைண்டிங் செக்‌ஷனில். தலைமுடியைப் பத்தாகப் பிளந்து அதில் ஒரு கூறு அளவுக்கு இரும்பைத் தேய்க்கச் சொன்னாலும் தேய்த்துக் கொடுப்பார். அளவு இம்மி பிசகினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று கம்பெனியில் பெயர். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, சொந்த வீட்டுக் கூடத்தில், ஒரு கிலோகூட இல்லாத ஒரு ஜீவன் கால் கிலோ இளைத்தது தெரியாமல் போய்விட்டது. அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அந்த ஜீவனின் பெயர் பூந்தி. மகள் சத்யப்ரியா பன்னிரண்டாவது படிக்கும்போது ஓசூரில் ஒரு பெட் ஷாப்பிலிருந்து வாங்கி வந்த கினி பிக். எலி மாதிரி உடம்பு, முயல் மாதிரி வாய், வால் மட்டும் வைக்க மறந்துவிட்டது போல இருக்கும். உத்தனப்பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊரில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. சீமைப் பெருச்சாளி என்று அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆவணியில் சத்யப்ரியா நர்சிங் படிக்கச் சேலம் போனாள். அன்றிலிருந்து பூந்தி அப்பாவின் பொறுப்பு.

பொறுப்பாக ஆரம்பித்தது போகப் போகப் பைத்தியமாகிவிட்டது. முதல் ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு அவர் பைக் தெருமுனையில் திரும்பும்போதே கூண்டுக்குள்ளிருந்து வீக் வீக் என்று விசில் கிளம்பும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் தன்னை இப்படி யாரும் வரவேற்றதில்லை என்று மனைவி சம்பங்கியிடம் ஒருநாள் சொல்லியும் காட்டினார்.

"நானும் வேணா கம்பியப் புடிச்சிகினு கத்தட்டா மாமா?" என்றாள் சம்பங்கி. "ரெண்டு மாட்டுக்கும் தண்ணி காட்டி, சாணி வாரி, பாலக் கறந்து சொசைட்டில ஊத்திட்டு வந்துடறன். அப்பறமா கத்தறன்."

மார்கழியில் அந்தப் பக்கத்துக் குளிர் எலும்பைத் தொடும். ராகி அறுத்து, அடித்து, மாட்டுத் தீவனத்துக்குத் தாளைப் போர் போட்டாகிவிட்டது. காலை ஒன்பது வரை பனி விலகாது. வெயில் வந்த பிறகுதான் அவரைக்காய் பறிக்க ஆட்கள் இறங்குவார்கள். வீட்டுக்கு வீடு அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கி வைத்த பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூண்டைக் கழுவலாம் என்று பூந்தியைத் தூக்கிய சம்பங்கி, தூக்கிய வேகத்தில் திரும்ப வைத்தாள்.

"மாமா, இங்க வா. இதுக்கு மோவாயெல்லாம் ஈரம்."

"தண்ணி குடிச்சிருக்கும்."

"தண்ணி கொழகொழன்னா இருக்கும்? ஜொள்ளு ஊத்துது பாரு. கழுத்து வரைக்கும் முடி ஒட்டிப்போயி கெடக்குது."

திம்மப்பன் ஒரு கேரட் துண்டை நீட்டினார். பூந்தி ஆசையாக ஓடிவந்து வாங்கியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து இரண்டு தரம் மென்று பார்த்துக் கீழே போட்டது. மறுபடி எடுத்தது, மறுபடி போட்டது. பசி இருக்கிறது, தின்ன முடியவில்லை.

பக்கத்து வீட்டுச் சரசம்மா உறைமோர் வாங்க வந்தவள் எட்டிப் பார்த்தாள். அவளிடம் நான்கு மாடுகள். நான்கு மாடு வைத்திருப்பவள் பாதி டாக்டர் என்பது அவளுடைய எண்ணம்.

"வாயில ஜொள்ளு. தீனிய மோந்துட்டு உட்டுடுது. ஏண்டி சம்பங்கி, இது கோமாரிடி!"

மாட்டுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வந்து, எச்சில் நூலாக ஒழுகி, தீவனம் எடுக்காமல் நிற்கும் நோய் அது. போன வருஷம் அந்தத் தெருவில் ஏழு மாடுகளுக்கு வந்தது. சம்பங்கியின் செவலைப் பசு அப்போது சினை. நோயில் மாசம் நிறையும் முன்பே செத்த கன்றை வீசிவிட்டது. இப்போது மறுபடி எட்டு மாசம். மாட்டோடு மாடாக வாழ்கிற ஊரில், ஒழுகுகிற வாய் எதுவானாலும் அதற்கு ஒரே பெயர்தான்.

"பொழுது சாயறதுக்குள்ள இது இந்த ஊட்ட உட்டுப் போவணும்" என்றாள் சம்பங்கி.

"எங்க போவும்?"

"எங்கனா போவட்டும். உன் கம்பெனில கொண்டுபோயி வெச்சிக்க. இந்த வாட்டியும் செவல வீசிச்சின்னா நான் மனுசியா இருக்க மாட்டன் மாமா, சொல்லிட்டன்."

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. போன வருஷம் அந்தக் கன்றைப் புதைத்த கை அவளுடையது. பயம் அவளுக்கு மாட்டின் பேரில், அவருக்குப் பூந்தியின் பேரில். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மறுநாள் காலை தடுப்பூசி போட மாட்டு டாக்டர் ஊருக்கு வருகிறார். அவர் கோமாரி என்று சொன்னால் திம்மப்பனே கொண்டுபோய் விட்டுவிடுவார். அதுவரைக்கும் கூண்டு மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் இருக்கும் அறையில்.

மாடிக்குக் கொண்டுபோய் வைத்ததும் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். கீழ் முன்பற்கள் இரண்டும் நீளமாக, கோணலாக இருந்தன. தேய்க்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் தேய்க்கத்தானே தோன்றும். பக்கத்து மெஷின்காரன் சுடலைமுத்துவுக்குப் போன் போட்டார். சுடலைமுத்துவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஓசூருக்கு வந்து எட்டு வருஷமாகியும் பேச்சு இன்னும் தாமிரபரணிக் கரையிலேயே இருந்தது.

"சுடல, பென்சில் கிரைண்டர் ஒண்ண வெளிய எடுத்தாற முடியுமா? பூந்திக்குப் பல்லு அரை இஞ்சு கூட இருக்குது. லேசா தேச்சுட்டன்னா..."

"எண்ணே, உமக்கு கிறுக்கா புடிச்சிருக்கு? கூலண்ட் ஊத்தித் தேய்க்கப் போறீராக்கும்! பல்லு வெடிச்சுப் போச்சுன்னா ரீவொர்க் கெடையாதுவே. பேசாம டாக்டர்ட்ட காட்டும்."

காலையில் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் மாடுகள் வரிசையாக நின்றன. செவலைக்கு ஊசி போட்டு முடித்த டாக்டர், திம்மப்பன் கையில் இருந்ததைப் பார்த்தார். சம்பங்கி முந்திக்கொண்டாள்.

"சார், இதுக்குக் கோமாரியா பாருங்க."

"கோமாரி பொளந்த கொளம்பு இருக்கறதுக்கு வர்ற நோயிம்மா. இதுக்குக் கொளம்ப நீயே தேடி எடுத்துக் காட்டு, நான் ஊசி போடறன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. ஈரமான மோவாயைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்தை இரண்டு பக்கமும் விரலால் மெல்ல வருடினார். பூந்தி துள்ளியது.

"எடை எவ்ளோ?"

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ரோஜா பயிரிடுகிற வீட்டில் பூ எடை போடும் தராசு ஒன்று இருந்தது. எவர்சில்வர் கிண்ணத்தில் பூந்தியை உட்கார வைத்தார்கள். கிண்ணம் போக அறுநூற்றுத் தொண்ணூறு கிராம். சத்யப்ரியா சேலம் போன அன்று தொள்ளாயிரத்து ஐம்பது என்று அவள் கையாலேயே கூண்டில் எழுதி ஒட்டியிருந்தாள்.

"இதுக்குச் சாவற வரைக்கும் பல்லு வளந்துகினே இருக்கும்" என்றார் டாக்டர். "மென்னு மென்னு தானா தேயணும். முன்பல்ல உட்டுடுங்க, அது வெளிய தெரியற சங்கதி. இதுக்குக் கோளாறு கடைவாயில. உள்பக்கமா வளந்து நாக்க அமுக்கியிருக்கும், அதான் முழுங்க முடியாம ஜொள்ளு ஊத்துது. என்கிட்ட இருக்கறது மாட்டு வாயத் தெறக்கற கருவி. அதுக்குள்ள இதுவே நொழஞ்சிடும். பெங்களூர்ல சின்ன ஜீவனுக்குன்னே பாக்கறவங்க இருக்காங்க. இன்னிக்கே போங்க. ஒரு நாள் வயிறு காஞ்சாலே இதுக்குக் குடல் நின்னுடும்."

செவலைக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் சம்பங்கிக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு புருஷன் முகத்தைப் பார்த்தாள். மனுஷன் பூந்தியின் மோவாயைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கெளம்பு" என்றாள். "நானும் வரன். உனக்குக் கன்னடம் பாதிதான் வரும். பதறனா அதுவும் வராது." அவள் பிறந்தது ஆனேக்கல் பக்கம். கிளம்பும் முன் சரசம்மாவைக் கூப்பிட்டாள். "நீதான கோமாரின்ன? சாயந்தரம் எங்கூட்டு மாட்டையும் நீயே கற."

ரோஜா அனுப்பும் அட்டைப் பெட்டியில் காற்றுக்கு ஓட்டை இருக்கும். அதில் துணி விரித்துப் பூந்தியை வைத்து, ஓசூர் போய், அங்கிருந்து அத்திப்பள்ளி தாண்டிப் பேருந்தில் போனார்கள். மேம்பாலத்துக்கு மேம்பாலம் வண்டி நின்றது. திம்மப்பன் ஓட்டை வழியாக விரலை விட்டுக்கொண்டே வந்தார். அந்த விரலைப் பூந்தி முகரக்கூட இல்லை.

க்ளினிக்கில் இருந்த டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கன்னடக்காரர், தமிழ் பேசுவார், நடுநடுவே கன்னடம் கலக்கும். வாய்க்குள் சின்னக் குழாய் விளக்கை விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, இடுக்கி நுனியில் எதையோ வழித்தெடுத்தார். பழுப்பாக, பசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அதை விரலில் தேய்த்துப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"முத்தெ குடுக்குறீங்களா?"

திம்மப்பனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கன்னடத்தில் களிக்கு முத்தெ என்று பெயர். ஓசூர்ப் பக்கத்தில் பிறந்தவருக்கு அது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் பயந்துபோன காது தனக்குப் பழக்கமான தமிழ்ச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும். சம்பங்கியை ஓரக்கண்ணால் பார்த்தார். டாக்டரிடம் மறைத்தால் உயிருக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டிருந்தார்.

"குடுக்கறதுதாங்க மேடம்" என்றார் தணிந்த குரலில்.

"டெய்லியா?"

"டெய்லிதாங்க. ஷிப்ட்டுக்குப் போறப்ப ஒண்ணு. வந்ததும் ஒண்ணு."

"ரெண்டா!" டாக்டரம்மா விளக்கைக் கீழே வைத்துவிட்டார். "இவ்ளோ சின்ன வாய்க்கு தினா ரெண்டு முத்தெயா? எவ்ளோ பெருசு?"

"பெருசெல்லாம் இல்லிங்க மேடம். சும்மா... நெத்தில."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சம்பங்கிக்குத்தான் இரண்டு பாஷையும் ஒரே நேரத்தில் புரிந்தது. முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு முடியாமல் அந்த க்ளினிக்கே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"களி மாமா! களி குடுக்கறயான்னு கேக்கறாங்க!" என்றாள். டாக்டரம்மாவிடம் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திம்மப்பன் சுவரில் தொங்கிய நாய்ப்படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருபத்திரண்டு வருசமா ஷிப்ட்டுக்குப் போற" என்றாள் சம்பங்கி. "எனக்குத் தெரியாம போச்சே இந்த வழக்கம்."

சிரிப்பு அடங்கியதும்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆமாம், களியும் கொடுத்தார்கள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் திம்மப்பன் தட்டிலிருந்து கோலிக்குண்டு அளவு உருட்டிக் கொடுப்பார். பூந்தி அதை அவ்வளவு ஆசையாகத் தின்னும். சம்பங்கி தன் பங்குக்குக் கொத்தமல்லியில் இலையை மட்டும் கிள்ளிப் போட்டுத் தண்டை மாட்டுக்கு வீசினாள். சின்ன ஜீவன், தொண்டையில் குத்துமே என்று. கேரட்டைத் துருவிக்கூடப் போட்டிருக்கிறாள். அந்த ஊர்களில் களியை யாரும் மெல்ல மாட்டார்கள். உருட்டி, குழம்பில் தோய்த்து, முழுங்குவதுதான் முறை. மென்று தின்றால் அசலூர் ஆள் என்று சிரிப்பார்கள். வீட்டு மனுஷர் எப்படியோ அப்படியே வீட்டு ஜீவனையும் வளர்த்திருந்தார்கள்.

"நாலு மாசமா இது மெல்லவே இல்ல" என்றார் டாக்டரம்மா. "மெல்லாத பல்லு வளரும். வளந்ததால கெட்டியா எதுவும் தின்ன முடியாது. அதனால நீங்க இன்னும் மெத்துன்னு குடுத்தீங்க. அன்புதான், தப்பு சொல்லல. வீட்ல ராகித்தாள் இருக்கா?"

"போரே இருக்குதுங்க" என்றாள் சம்பங்கி.

"பூஞ்சை இல்லாத காஞ்ச தாள், புல்லு. நாள் முழுக்க அதுதான் இதுக்குச் சாப்பாடு. கொத்தமல்லித் தண்டோட. கொடமொளகா தெனம் ஒரு துண்டு, அதுல இருக்குற சத்து இதுக்கு உடம்புல சுயமா வராது. வாரா வாரம் எடை. மோவாய் ஈரமானா, தீனியக் கீழ போட்டா, புழுக்கை சின்னதானா உடனே வரணும்."

ராகியின் தாளை மாட்டுக்கும் மாவைப் பூந்திக்கும் போட்டிருக்கிறோமே என்று திம்மப்பனுக்குத் தோன்றியது. கூண்டுக்கும் போருக்கும் நடுவே முப்பதடிகூட இல்லை. வெட்கமாக இருந்தது.

மயக்க மருந்து கொடுத்துக் கடைவாய்ப் பற்களைத் தேய்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கீழ்ப்பற்கள் இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து நாக்குக்கு மேலே பாலம் கட்டிவிட்டிருந்ததாம். மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் டாக்டரம்மா சொன்னார்: "அஞ்சு நாள். அதுவரைக்கும் ஊறவெச்ச தீனிய சிரிஞ்ச்ல குடுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். அதுக்குள்ள தானா தாளக் கடிச்சு மெல்லணும். மெல்லலன்னா பல்லோட வேர் கெட்டுருச்சுன்னு அர்த்தம். அப்புறம் எங்க கையில இல்ல."

பேருந்தில் திரும்பும்போது பெட்டி இந்தத் தடவை சம்பங்கியின் மடியில் இருந்தது.

திம்மப்பன் இரண்டு நாள் லீவு போட்டார். மூன்றாம் நாள் லைனில் ஆள் இல்லை என்று கூப்பிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு சிரிஞ்ச் சம்பங்கி கையில். கடைவாய் ஓரமாக நுனியை வைத்து, அரை மில்லி தள்ளி, முழுங்கும் வரை காத்திருந்து, அடுத்த அரை மில்லி. அவசரப்பட்டால் புரையேறும். மாட்டுக்கு மருந்து புகட்டிய கை என்பதால் பொறுமை இருந்தது. பூந்தி ஒருதரம் அதை அவள் முகத்திலேயே துப்பியது.

"துப்பு, துப்பு" என்றாள். "இந்த ஊட்ல என்மேல துப்பறது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு, அதுவும் ஆச்சு."

திட்டிக்கொண்டேதான் செய்தாள். திட்டும்போது கை வேலை செய்வது அவளுக்குப் பழக்கம். சரசம்மா வந்து பார்த்து, மாட்டுக்குக்கூட நீ இப்படிச் செய்ததில்லையே என்றாள். சம்பங்கி அடுத்த அரை மில்லியைத் தள்ளினாள்.

திம்மப்பன் கம்பெனியில் தேய்த்துக் கொடுக்கும் ஜாபுக்குப் போடுவது போல ஒரு சார்ட் வரைந்து, மறுபடி கூடத்துக்கு வந்துவிட்ட கூண்டுக்கு மேலே ஒட்டினார். தினமும் காலையில் எடை, புள்ளி, கோடு. அறுநூற்றுத் தொண்ணூறு. அறுநூற்று எழுபது. அறுநூற்று அறுபத்தைந்து. அதே அறுபத்தைந்து. கூண்டு நிறையத் தாள் கிடந்தது. பூந்தி அதன் மேல் உட்கார்ந்திருந்ததே தவிர வாய் வைக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது சேலத்திலிருந்து மகள் போன் பண்ணுவாள். பூந்தி நல்லாருக்குதா என்பாள். நல்லாருக்குது என்பார்கள். சொன்ன பிறகு இருவருக்கும் களி இறங்காது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை, முதல் ஷிப்ட். மெஷின் முன்னால் போன் கூடாது; உள்ளே போகும்போதே லாக்கரில் போட்டுவிட வேண்டும். அன்றைக்கு நான்கு ஜாப் அளவு தப்பியது. சுடலைமுத்து தன் கணக்கில் எடுத்துக்கொண்டு மறுபடி தேய்த்தான்.

இரண்டரைக்கு வெளியே வந்து லாக்கரைத் திறந்தார். பதினேழு மிஸ்டு கால். பதினேழும் சம்பங்கி.

ஷிப்ட் நேரத்தில் அவள் போன் பண்ணவே மாட்டாள். சத்யப்ரியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கை முறிந்தபோது பண்ணவில்லை. செவலை கன்றை வீசிய அன்றும் பண்ணவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். திருப்பிக் கூப்பிடத் திம்மப்பனுக்கு விரல் வரவில்லை. கூப்பிட்டால் அவள் சொல்லிவிடுவாள். சொல்லாத வரைக்கும் பூந்தி இருக்கும்.

"போவும்ணே, போய்ப் பாரும்" என்றான் சுடலைமுத்து. பைக்கை அவனே உதைத்துக் கிளப்பிக் கொடுத்தான்.

ராயக்கோட்டை ரோட்டில் இருபத்தைந்து கிலோமீட்டர். லாரிக்குப் பின்னால் லாரி. சத்யாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினார். எங்கே புதைப்பது என்றும் யோசித்தார். தெருமுனையில் திரும்பினார். விசில் சத்தம் வரவில்லை. வண்டியை நிறுத்தவே மனசில்லாமல் நிறுத்தினார்.

சம்பங்கி வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"போன எதுக்கு வெச்சிருக்கற மாமா? அழகுக்கா?"

"போயிடுச்சா?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"என்னாது?"

"பூந்தி..."

"என்னா பேச்சு பேசற நீ! வாய கழுவு. உள்ள வா. செருப்பக் கழட்டிட்டு வா, சத்தம் போடாத."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கூடத்துக் கதவருகிலேயே அவருக்குக் கேட்டுவிட்டது. மொறுக், மொறுக், மொறுக். காய்ந்த தாளை நுனியிலிருந்து இழுத்து இழுத்து, நிற்காமல், ஒரே சீராக அரைக்கிற சத்தம். நீளமான ஒரு தண்டு வாய்க்குள் போய்க்கொண்டே இருந்தது. அது முடிந்ததும் பூந்தி அடுத்ததை எடுத்தது. மோவாய் உலர்ந்திருந்தது. வந்தவரை நிமிர்ந்து பார்க்கவோ விசிலடிக்கவோ அதற்கு நேரமில்லை.

திம்மப்பன் யூனிபார்மோடு தரையில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. அதை மறைக்கவும் இல்லை. சம்பங்கி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பத்து மணிக்கு ஆரம்பிச்சிது" என்றாள் மெல்ல. "சிரிஞ்ச்ல ஊத்தப் போறன், மூஞ்சத் திருப்பிகினு தாளக் கடிக்குது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சரசக்காகிட்ட சொல்லலாந்தான். சொல்லத் தோணல. உன்கிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. எடுக்கவே மாட்டங்கற. நானும் அடிச்சிகினே இருந்தன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பதினேழுக்கும் சேர்த்து ஒரே தரம் திருப்பி அழைத்தார். சம்பங்கியின் மடியில் இருந்த போன் அடித்தது. அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு எடுத்துக் காதில் வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மாமா" என்றாள் போனில். "பூந்தி தின்னுது மாமா."

"அப்படியா!" என்றார் திம்மப்பன்.